ஷமோனியிலிருந்து சண்முகத்துக்கு

ஜெனிவா
பிப்ரவரி 3

அன்பு சண்முகம்,

உன் கடிதத்தை உன் பையன் பக்கம் பக்கமாகப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தான். அது வந்து சேர்ந்தபோது நான் ஜெனிவாவில் இல்லை, ஷமோனி என்ற ஊரில் ஒரு மலை ரயில் நிலையத்தில் டிக்கெட் வாங்க வரிசையில் நின்றிருந்தேன். பூகோள வாத்தியார் தவறிவிட்டார் என்ற வரியை அங்கேதான் படித்தேன். "என்ன ஆச்சு மாமா" என்று மாப்பிள்ளை கேட்டார், எனக்குப் பேச்சு வரவில்லை, போனை அவர் கையில் கொடுத்துவிட்டேன். அதன் பிறகு அந்த ரயிலில் ஏறிப் போய் நான் பார்த்தது என்ன தெரியுமா, பனியாறு. ஏழாம் வகுப்பில் கரும்பலகை முழுக்க நீலச் சாக்கட்டியால் அவர் வரைந்தாரே, அந்தப் பனியாறு. பத்து நாளாக என் மனசு அங்கேயேதான் நிற்கிறது. கடிதம் நீளமாகத்தான் போகும், பொறுமையாகப் படி.

முதலில் வீட்டுச் சேதி சொல்லிவிடுகிறேன். கவிதாவும் குழந்தையும் நன்றாக இருக்கிறார்கள், பேத்திக்கு இன்றோடு ஐம்பத்திரண்டு நாள். சரசு அவர்களை விட்டு நகரமாட்டேன் என்று சொல்லிவிட்டதால் நானும் மாப்பிள்ளையும் பெரியவன் நிலவனும் மட்டும் மூன்று நாள் போய் வந்தோம். ஜெனிவாவிலிருந்து காரில் ஒன்றேகால் மணி நேரம், நடுவில் எல்லை தாண்டி பிரான்ஸுக்குள் போய்விடுகிறோம், கேட்பாரில்லை. உன் முட்டி வலிக்கு ஆபரேஷன் வேண்டாம் என்று நீ எழுதியிருந்ததை நான் ஒத்துக்கொள்ளவில்லை. கோயம்புத்தூரில் இன்னொரு டாக்டரிடம் காட்டிவிட்டு முடிவு பண்ணு. தங்கச்சியிடமும் இதையே சொல்லப்போகிறேன்.

சரி, ரயில். நீ முப்பத்து மூன்று வருஷம் குன்னூர் ஷெட்டில் கிடந்தவன், உனக்கு இதை முதலில் சொல்லாவிட்டால் யாருக்குச் சொல்ல. அந்த ரயிலுக்கு மோன்தான்வேர் ரயில் என்று பெயர். நம் ஊட்டி மலை ரயிலைப் போலவே மீட்டர் கேஜ், நடுவில் பல் தண்டவாளம். நமக்கு இரட்டைப் பல்பட்டை, இங்கே ஒற்றைத் தண்டவாளத்திலேயே பல் வெட்டியிருக்கிறார்கள். கல்லாறு தாண்டி நம் வண்டி பன்னிரண்டடி போனால் ஓரடி ஏறும் என்று நீ சொல்வாய், இது சில இடங்களில் நாலரை அடிக்கே ஓரடி ஏறுகிறது. மொத்தம் ஐந்து கிலோமீட்டர்தான், இருபது நிமிஷம். நம் வண்டி ஊட்டி வரைக்கும் போனது 1908-ல். இந்தப் பாதையும் அதே 1908-ல் பாதித் தூரம் திறந்து மறு வருஷம் முழுசாக முடிந்திருக்கிறது. இதன் பழைய நீராவி எஞ்சின்கள் எங்கே செய்தவை என்று நினைக்கிறாய், வின்டர்தூர். உன் எக்ஸ் கிளாஸ் எஞ்சினில் நீ எண்ணெய்த் துணியால் துடைத்துத் துடைத்து வைத்திருந்த பித்தளைத் தகட்டில் இருக்குமே, அதே சுவிஸ் கம்பெனி. இங்கே 1950-களிலேயே மின்சாரத்துக்கு மாறிவிட்டார்கள், அதனால் அந்த மூச்சு வாங்கும் சத்தம் இல்லை. மேலே போய் நின்ற இடத்தின் உயரம் 1,913 மீட்டர், கிட்டத்தட்ட குன்னூர் உயரம். ஆனால் சுற்றிப் பார்த்தால் எல்லாம் வெள்ளை.

அங்கே இறங்கி கம்பி வேலி ஓரம் போய்க் கீழே பார்த்தேன். வாத்தியார் சொன்னதெல்லாம் இருந்தது சண்முகம், ஒன்றுகூட விடாமல். யூ வடிவப் பள்ளத்தாக்கு, பக்கவாட்டில் பனியாறு தள்ளிக் குவித்த கல் மண் மேடுகளான மொரைன்கள், இரண்டு கிளைப் பனியாறுகள் வந்து சேரும் இடம், பாறை ஊசிகள். நானும் முப்பத்தொரு வருஷம் இதையே பிள்ளைகளுக்கு வரைந்து காட்டினேன், அவரும் பார்த்ததில்லை, நானும் பார்த்ததில்லை, புத்தகத்தில் இருந்ததை நம்பிச் சொன்னோம். அத்தனையும் உண்மை என்று தெரிந்தபோது கண் கலங்கிவிட்டது. ஆனால் பனியாறு இருக்க வேண்டிய இடத்தில் இல்லை. கீழே, வெகு கீழே, கல்லும் மண்ணும் மூடிய ஒரு சாம்பல் நிறப் பட்டையாக, அதன்மேல் நேற்றுப் பெய்த பனி கொஞ்சம். இதற்கு 'பனிக்கடல்' என்று பொருள்படும் பெயர், மேர் த கிளாஸ். 1741-ல் வில்லியம் விண்டம் என்ற ஆங்கிலேயர் இங்கே ஏறி வந்து பார்த்துவிட்டு, காற்றில் கொந்தளித்த நீர் அப்படியே உறைந்துபோனது போல இருக்கிறது என்று எழுதினாராம், அதிலிருந்து வந்த பெயர். அவர் பார்த்த அலைகளில் ஒன்றைக்கூட நான் பார்க்கவில்லை.

கீழே போக ஒரு தொங்கு பெட்டி வண்டி உண்டு. 1988-ல் அதைப் போட்டபோது இறங்கியதும் மூன்று படி இறங்கினால் பனிமேல் கால் வைத்துவிடலாமாம். பனி தாழத் தாழ ஒவ்வொரு வருஷமும் இரும்புப் படிகளைக் கூட்டிக்கொண்டே போய் ஐந்நூற்றைம்பது படிக்கு மேல் ஆகிவிட்டது. கடைசியில் பழைய வண்டியை விட்டுவிட்டு, இன்னும் மேலே தள்ளி வேறு வண்டி போட்டு 2024-ல் திறந்திருக்கிறார்கள். பழைய பாதையில் பாறைமேல் அங்கங்கே பலகை வைத்திருந்தார்கள், இந்த வருஷம் பனி இவ்வளவு உயரம் இருந்தது என்று. நான் பள்ளிக்கூட வேலைக்குச் சேர்ந்தது 1985-ல். அந்தச் சமயத்துப் பனி இருந்த மட்டத்தை அண்ணாந்துதான் பார்க்க வேண்டியிருந்தது. நான் வகுப்பில் நின்று "பனியாறு மெல்ல நகரும் பனிக்கட்டி" என்று சொல்லிக்கொண்டிருந்த அந்த வருஷங்கள் பூராவும் அது இங்கே இறங்கிக்கொண்டே போயிருக்கிறது.

பனிக்குள் ஒரு குகை வெட்டி வைத்திருக்கிறார்கள். பனி நகர்ந்துகொண்டே இருப்பதால் வருஷா வருஷம் புதிதாக வெட்ட வேண்டும், வெயில் காலத்தில் உருகாமலிருக்க வெள்ளைப் போர்வை போர்த்துவார்களாம். உள்ளே சுவரில் கை வைத்தேன். நீலம். வாத்தியார் எடுத்த நீலச் சாக்கட்டி சரியான நிறம்தான்.

இன்னொரு விஷயம் படித்தேன், அதை உன்னிடம் சொல்லியே ஆக வேண்டும். முன்னூறு நானூறு வருஷத்துக்கு முன் இதே பனியாறு வளர்ந்து வளர்ந்து வீடு, வயலை எல்லாம் முட்டியபோது ஊர் ஜனங்கள் நடுங்கிப்போய், 1644-ல் ஒரு பிஷப்பை அழைத்து, முன்னூறு பேர் ஊர்வலமாகப் போய், பனியாறே திரும்பிப் போ என்று மந்திரித்திருக்கிறார்கள். நம் ஊரில் மழைக்கு அம்மனிடம் போகிற மாதிரி. இன்றைக்கு அந்த ஜனங்களின் வழி வந்தவர்கள் அது போய்விடுகிறதே என்று துக்கப்படுகிறார்கள். நான் பேசிய டிக்கெட் பெண், அவள் தாத்தா அந்த ரயிலில் வேலை பார்த்தவர், அவர் காலத்தில் நிலையத்து வாசலில் நின்றே பனியைப் பார்க்கலாம் என்று சொல்லும்போது அவள் குரல் இறங்கிவிட்டது.

ஊரைப் பற்றிச் சொல்கிறேன். ஆர்வ் என்ற ஆற்றின் இரண்டு கரையிலும் நீளவாக்கில் கிடக்கிற சின்ன ஊர், 1,035 மீட்டர் உயரம், ஒன்பதாயிரம் பேர்கூட இல்லை. ஆனால் சீசனில் எந்தத் தெருவிலும் பனிச்சறுக்குக் கட்டைகளைத் தோளில் சாய்த்துக்கொண்டு, பிளாஸ்டிக் பூட்ஸில் டக் டக் என்று நடக்கிற கூட்டம். 1924-ல் முதல் குளிர்கால ஒலிம்பிக்ஸ் இங்கேதான் நடந்தது. நடந்தபோது அதற்கு அந்தப் பெயர்கூட இல்லை, குளிர்கால விளையாட்டு வாரம் என்றுதான் வைத்திருந்தார்கள், ஒலிம்பிக்ஸ் என்று ஏற்றுக்கொண்டது அப்புறம்தான். அதில் நார்வேயிலிருந்து பதினொரு வயதுப் பெண் சோன்யா ஹெனி பனிச்சறுக்கு நடனத்தில் கலந்துகொண்டு கடைசியாக வந்தாள், அடுத்த மூன்று ஒலிம்பிக்ஸிலும் தங்கம் அவளுக்குத்தான். நிலவனுக்கு இந்தக் கதையைச் சொன்னேன், ஏனென்றால் அவன் முதல் நாள் பதினான்கு தடவை விழுந்து அழுதிருந்தான். ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலேயே பிளானார் என்று குழந்தைகள் கற்கும் சரிவு இருக்கிறது. கட்டைகளின் முனையைச் சேர்த்து வாலை அகட்டி வைத்து வேகம் குறைப்பதுதான் முதல் பாடம். மூன்றாம் நாள் அவனே நிறுத்தப் பழகிவிட்டான். குட்டிக் கரடி என்று ஒரு நிலை, அந்தப் பதக்கத்தைச் சட்டையில் குத்திக்கொண்டு தூங்கினான்.

இரண்டாம் நாள் மாப்பிள்ளை என்னை எகுய் து மிதிக்குக் கூட்டிப் போனார். 'நண்பகல் ஊசி' என்று அர்த்தம், ஊரிலிருந்து பார்த்தால் மத்தியானம் சூரியன் அதன் தலைக்கு மேல் நிற்கும். 1955-ல் போட்ட கம்பிவட வண்டி, இடையில் 2,317 மீட்டரில் ஒருமுறை மாறி ஏறினால் அடுத்த பாதியில் ஒரு தூண்கூடக் கிடையாது, ஒரே இழுப்பில் 3,777 மீட்டர், அங்கிருந்து பாறையைக் குடைந்த லிஃப்டில் 3,842. தொட்டபெட்டாவுக்கு மேலே இன்னும் ஆயிரத்து இருநூறு மீட்டர். தலை லேசாகச் சுற்றியது, மெதுவாக நடந்தேன், வேறொன்றும் ஆகவில்லை. அங்கிருந்து கத்தி முனை மாதிரி ஒரு பனி வரப்பில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஆட்கள் வரிசையாக இறங்கி, கீழே கட்டைகளை மாட்டிக்கொண்டு, இருபது கிலோமீட்டர் பனியாற்றின் மேலேயே சறுக்கி அந்த ரயில் நிலையப் பக்கம் போய்ச் சேருகிறார்கள். வாலே பிளான்ஷ் என்பார்கள். போடப்பட்ட பாதை கிடையாது, பிளவுகள் உண்டு, அதனால் வழிகாட்டி வேண்டும்.

எதிரே மோன் பிளாங் நின்றது. வாத்தியார் 4,807 மீட்டர் என்று மனப்பாடம் செய்ய வைத்தாரே, உச்சியில் இருப்பது பனிக் குல்லாய் என்பதால் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை அளக்கிறார்கள், 2023-ல் 4,805 மீட்டர் 59 சென்டிமீட்டர். அவர் கேட்டிருந்தால் உடனே நோட்டில் குறித்துக்கொண்டிருப்பார்.

உனக்கு நினைவிருக்கிறதா, அவர் உலகப் படத்தில் அந்த இடத்தில் ஒரு குண்டூசி குத்தி வைத்திருந்தார். ஹோமி பாபா போன விமானம் அங்கே மோதியது என்று சொன்னார். 1966 ஜனவரி 24. பம்பாயிலிருந்து டெல்லி, பெய்ரூட் வழியாக வந்த ஏர் இந்தியா போயிங், கஞ்சன்ஜங்கா என்று பெயர், காலையில் ஜெனிவாவில் இறங்கக் கீழே வரும்போது, மலையைத் தாண்டிவிட்டோம் என்று விமானி எண்ணிவிட்டார், தாண்டவில்லை. நூற்றுப் பதினேழு பேர். பாபா வியன்னாவில் அணுசக்தி முகமையின் கூட்டத்துக்குப் போய்க்கொண்டிருந்தார். நானும் இந்தத் தடவை ஜெனிவாவில்தான் வந்து இறங்கினேன், ஜன்னல் வழியாக அந்த மலையைப் பார்த்துக்கொண்டே.

வாத்தியார் சொல்லாத ஒன்று இருக்கிறது, எனக்கே இங்கே வந்துதான் தெரிந்தது. அதற்குப் பதினாறு வருஷம் முன்னால், 1950 நவம்பர் 3-ல், ஏர் இந்தியாவின் மலபார் பிரின்சஸ் என்ற விமானம் கிட்டத்தட்ட அதே பாறைப் பகுதியில் மோதியிருக்கிறது. நாற்பத்தெட்டு பேர். பயணிகளில் பெரும்பாலோர் இங்கிலாந்தில் கப்பல் ஏறப் போன நம் நாட்டு மாலுமிகள். தேடப் போன ஷமோனி வழிகாட்டி ரெனே பேயோவும் போய்விட்டார். பாபாவின் பெயர் எல்லோருக்கும் தெரியும், பேயோவின் பெயர் இந்த ஊருக்குத் தெரியும். அந்த மாலுமிகளின் பெயர்களை நான் எங்கேயும் பார்க்கவில்லை சண்முகம். அன்றைக்கு ராத்திரி போனில் தேடித் தேடிப் பார்த்தேன், எண்ணிக்கைதான் வந்தது.

இரண்டு விமானங்களையும் விழுங்கியது போஸான் என்ற பனியாறு. நகரும் பனிதானே, எடுத்ததைக் கீழே கொண்டுவந்து போடுகிறது. 2012-ல் இந்திய அரசின் தபால் பை ஒன்று வந்தது. மறு வருஷம் ஒரு இளைஞன் மலை ஏறும்போது மரகதமும் நீலமும் மாணிக்கமும் நிறைந்த சின்னப் பெட்டி கிடைத்து, அப்படியே போலீஸிடம் ஒப்படைத்தான். எட்டு வருஷம் உரியவர்களைத் தேடிவிட்டு, 2021-ல் பாதியை அவனுக்கும் பாதியை ஊருக்கும் பிரித்துக் கொடுத்தார்கள். 2020-ல் பனியாற்றுக்குப் பக்கத்தில் சாப்பாட்டுக் கடை வைத்திருப்பவருக்கு ஒரு கட்டு இந்தியச் செய்தித்தாள்கள் கிடைத்தன, இந்திரா காந்தி பிரதமராகத் தேர்வான செய்தி, எழுத்து அப்படியே படிக்கிற மாதிரி. காயவைத்துப் பத்திரமாக வைத்திருக்கிறார். அதற்கெல்லாம் வெகு முன்பே, 1820-ல் மூன்று வழிகாட்டிகள் பனிச்சரிவில் புதைந்தார்கள், நாற்பத்தொரு வருஷம் கழித்து அதே பனியாற்றின் அடிவாரத்தில் அவர்களின் மிச்சங்கள் வெளியே வந்தன. அன்று தப்பித்த ஒருவர் கிழவராக இன்னும் உயிரோடு இருந்து, பார்த்து அடையாளம் சொன்னாராம். கூட நடந்தவன் அப்படியே இளைஞனாகத் திரும்பி வருவதைப் பார்த்து அந்தக் கிழவருக்கு எப்படி இருந்திருக்கும்.

அந்த மூன்று பேர் போனதற்கு அடுத்த வருஷம்தான், 1821-ல், ஊர்க்காரர்கள் வழிகாட்டிகள் சங்கம் வைத்தார்கள். உலகத்திலேயே பழைய சங்கம் அது. முறை வைத்து வேலை பிரிப்பது, செத்தவன் குடும்பத்துக்குப் பொதுப் பணத்திலிருந்து கொடுப்பது. மலை பார்க்க வெளியாட்கள் வர ஆரம்பிப்பதற்கு முன் வேட்டையாடுவதும், பாறையில் படிகக் கல் தேடுவதும் இவர்களில் பலருக்குப் பிழைப்பு. ஜெனிவாவின் விஞ்ஞானி சோஸ்யூர் 1760-ல் மோன் பிளாங் உச்சிக்கு வழி கண்டுபிடிப்பவருக்குப் பரிசு என்று அறிவித்தார், இருபத்தாறு வருஷம் கழித்து 1786 ஆகஸ்ட் 8-ல் பல்மா என்ற படிகம் தேடுபவரும் ஊர் டாக்டர் பக்கார்டும் ஏறிவிட்டார்கள். ஊர் நடுவில் சோஸ்யூருக்கு பல்மா உச்சியைக் காட்டுகிற சிலை இருக்கிறது, 1887-ல் வைத்தது. டாக்டர் அதில் இல்லை. அவர் சரியாக ஏறவே இல்லை என்று யாரோ கிளப்பிவிட்ட கதை அவ்வளவு காலம் நின்றது. அவருக்குத் தனியாக ஒரு சிலை கொஞ்சம் தள்ளி இருக்கிறது, 1986-ல் வந்தது, இருநூறு வருஷம் பிடித்திருக்கிறது. நான் இரண்டு சிலையையும் பார்த்தேன், டாக்டர் சிலைமுன்தான் அதிக நேரம் நின்றேன்.

வருஷா வருஷம் ஆகஸ்ட் 15-ல் வழிகாட்டிகள் திருநாள். நாம் கொடியேற்றுகிற அதே நாள். சங்கத்துக்காரர்கள் எல்லோரும் கூடி நிற்க ஒவ்வொருவர் பெயரையும் வாசிக்கிறார்கள், கயிறுகளையும் பனிக்கோடரிகளையும் பாதிரியார் ஆசீர்வதிக்கிறார், மலையில் போனவர்களுக்குக் கல்லறையில் அஞ்சலி. ஜனவரியில் போன நான் இதைப் பார்க்கவில்லை, தங்கிய வீட்டுக்காரர் சொல்லத்தான் கேட்டேன். கேட்டதும் எனக்கு நம் ஏழாம் வகுப்பு வருகைப் பதிவேடுதான் ஞாபகம் வந்தது. உனக்கும் வந்திருக்கும். பவானியில் வெள்ளம் வந்த அந்த ஐப்பசியில் ராஜு போன பிறகு, ஆபீஸிலிருந்து அவன் பெயரை அடிக்கச் சொன்னார்கள், வாத்தியார் அடிக்கவில்லை. தினம் பதினேழு என்பார், பென்சிலை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் சும்மா இருப்பார், அப்புறம் பத்தொன்பது என்பார். முழு ஆண்டுப் பரீட்சை வரைக்கும். நாம் யாரும் அந்த நேரத்தில் அசையமாட்டோம். எனக்குப் பத்தொன்பதாம் நம்பர். அந்த மௌனம் முடிந்து "உள்ளேன் ஐயா" சொல்வது தினமும் எனக்குத் தொண்டையில் அடைத்தது.

நினைவுக் கூட்டத்தில் படிக்க ஏதாவது எழுதி அனுப்பு என்று கேட்டிருந்தாய். இரண்டு தடவை உட்கார்ந்து எழுதிப் பார்த்தேன், நல்லாசிரியர், வழிகாட்டி என்று எல்லோரும் சொல்வதேதான் வந்தது, கிழித்துவிட்டேன். எனக்கு ஒன்று தோன்றுகிறது, நீ ஒத்துக்கொண்டால் செய். நம் வகுப்புப் பெயர்களை ஒன்றிலிருந்து முப்பத்தாறு வரை வாசித்துவிடு. இருக்கிறவர்கள் உள்ளேன் ஐயா என்று சொல்லட்டும். வெளியூரில் இருப்பவனுக்குப் பக்கத்தில் இருப்பவன் சொல்லட்டும், எனக்கு நீ சொல். பதினெட்டு வரும்போது அவர் நிறுத்திய அளவுக்கு நிறுத்து. இடையில் போன மற்றவர்களுக்கும் அப்படியே.

ஊருக்கு மார்ச் 12 வருகிறேன். ரயிலையும் பல் தண்டவாளத்தையும் நிறைய படம் எடுத்திருக்கிறேன், தண்டவாளத்துக்குப் பக்கத்தில் குனிந்து எடுத்தவை எல்லாம் உனக்காக. பெயர்ப் பட்டியலை நினைவிலிருந்து எழுதி இத்தோடு வைத்திருக்கிறேன், பதினொன்றும் இருபத்தாறும் யார் என்று மட்டும் எவ்வளவு யோசித்தும் வரவில்லை. இருபத்தாறு, காரமடையிலிருந்து சைக்கிளில் வருவானே, அவன்தானா? தெரிந்தால் உடனே உன் பையனிடம் சொல்லி அனுப்பு.

உன்
முருகேசன்